அழுதுகொண்டே நுழைய வேண்டிய இடம்

வெள்ளிக்கிழமைகளில் என் அண்ணன் மனைவி சலீமா பீவி மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குத்தான் சாப்பிடுவார். மகன் அத்னான் சவூதிக்குப் போன இந்த ஆறு வருடங்களாக இதுதான் வழக்கம். அங்கே ஜும்மா தொழுகை முடிந்து, வேலை இடைவேளையில் அவன் கூப்பிட, இங்கே மூன்றரை ஆகிவிடும். அதுவரை தட்டில் சோற்றைப் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சாப்ட்டியாம்மா?" என்று அவன் கேட்டால், "இப்பதான் கை கழுவுனேன்" என்பார்.

காசிம் அண்ணன் சும்மா இருக்க மாட்டார். "ஃபர்ஹானா, ஒன் மச்சிக்கு இந்தியா டைம் ஒத்துக்காது. பாஸ்போர்ட் இல்லாமயே சவூதியில குடியிருக்கா" என்று என்னிடம் சொல்வார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கைப்பேசி அடித்ததும் மச்சி அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து அண்ணனிடம், "அத்னான் நம்ம ரெண்டு பேரையும் உம்ராவுக்கு வரச் சொல்றான். அப்புடியே அவன் வேலை செய்யற எடத்தையும் பாத்துட்டுப் போவலாங்கறான்" என்றார். நல்ல செய்திதான். ஆனால் முகத்தில் அது இல்லை. தட்டை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணனுக்கு மகிழ்ச்சி. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் சாமான் கடை வைப்பதற்கு முன், ஜித்தாவில் பதினோரு வருடம் இருந்தவர். ஒரு நாள்கூடத் தாள்களில் பிசகு இல்லாமல் இருந்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார். "தாளு சுத்தமா இல்லாதவன் அந்த நாட்டுல ஆளே இல்ல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. மச்சியைக் கூட்டிக்கொண்டு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகவில்லை என்பது மட்டும் குறையாக இருந்தது.

"புள்ள வேலை செய்யற எடம் எது?" என்று கேட்டார்.

"மதாயின் ஸாலிஹ்" என்றார் மச்சி.

அண்ணன் முகம் மாறிவிட்டது. பாலைவனத்தில் மலைகளைக் குடைந்து வாசலும் தூணும் செதுக்கிய பழைய இடம் அது. இறைவனுக்கு மாறு செய்து அழிந்துபோன ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஊர் என்று சிறு வயதில் மதரசாவில் படித்திருக்கிறோம். இப்போது உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். அத்னான் அங்கே பார்வையாளர் கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறான். ஏதோ சுற்றுலா நிறுவனம் என்றுதான் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தான்.

மறுவாரம் அவன் கூப்பிட்டபோது அண்ணனே கைப்பேசியை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அதாபு எறங்குன எடத்துக்கு எங்கள வரச் சொல்றியா?" அதாபு என்றால் இறைவனின் தண்டனை.

"அத்தா, அது வூடே இல்லையாம். எல்லாம் கல்லறையாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வேற யாரோ வெட்டுனதாம். இங்க ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"அவுங்க சொல்லட்டும். நபி ரசூலுல்லா அந்த வழியா போனப்ப தலைய மூடிக்கிட்டு வேகமா கடந்து போனாங்க. அழுவாம அங்க நொழையாதீங்கன்னாங்க. நீ டிக்கெட்டு வாங்கிட்டு வாங்கற."

"நான் இங்கதான அத்தா வேலை செய்யறேன்."

"ஒனக்கு வயித்துப் பொழப்பு. எங்களுக்கு என்னா? நீ மதீனாவுக்கு வா. நாலு மணி நேரம் பஸ்ஸு. ஒக்காந்து பேசலாம்."

"லீவு கெடைக்காது அத்தா."

"ஆறு வருஷத்துல ஒரு நாளு லீவு குடுக்காத கம்பெனி எதுடா?"

மச்சி கைப்பேசியை மெதுவாக வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார்.

செப்டம்பரில் மச்சியின் பாஸ்போர்ட்டுக்காக அவரும் நானும் கடலூர் போனோம். கைரேகை, புகைப்படம் எல்லாம் முடிந்து மாலையில் சிதம்பரம் பேருந்தில் திரும்பினோம். சிப்காட் நிறுத்தத்தில் வேலை முடிந்த கூட்டம் ஏறி எங்களை ஜன்னலோடு நெருக்கியது. அந்த இரைச்சலில்தான் மச்சி என் காதருகே சொன்னார்.

"அவனுக்கு இக்காமா முடிஞ்சி பதினாலு மாசம் ஆச்சு, ஃபர்ஹானா."

இக்காமா என்ற தங்கும் அனுமதி இல்லாமல் அந்த நாட்டில் வேலை செய்யவும் முடியாது, தங்கவும் முடியாது.

"கான்ட்ராக்டர் புதுப்பிச்சே குடுக்கல. மதீனா ரோட்டுல செக்கிங் இருக்கு. மாட்டுனா கைரேகை வச்சி அனுப்பிடுவாங்க, அப்பறம் அந்த மண்ண மிதிக்க முடியாது. வேற கம்பெனிக்கு மாறிக்கலாம்னு அலையறான். அது வரைக்கும் கேம்ப்ப வுட்டா வேலை, வேலைய வுட்டா கேம்ப்பு."

"அண்ணனுக்கு?"

"சொன்னா அன்னியோட அவன்கிட்ட பேச்சு இருக்காது. ஒன் அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா? நீயும் வாயத் தொறக்காத."

எனக்கு வாய் திறப்பதே கடினம் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அண்ணனுக்குத் தேநீர் கொடுக்கும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவன் மதீனாவுக்கு வர முடியாது. அண்ணன் அங்கே போகமாட்டார். அண்ணன் இல்லாமல் மச்சி தனியாகப் போக முடியாது. மகனைப் பார்க்க மச்சிக்கு இருந்த ஒரே வழி, அண்ணன் கால் வைக்க மறுத்த இடத்தில் இருந்தது.

மச்சி தயாராகிக்கொண்டே இருந்தார். காடாம்புலியூரில் தெரிந்தவர் வீட்டிலிருந்து முந்திரிப்பருப்பு வரவழைத்து வறுத்து டப்பாவில் அடைத்தார். அந்த இடத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று நபிமொழி இருப்பதால் மதீனாவிலிருந்தே எடுத்துப்போக இரண்டு பாட்டில்களும் வாங்கி வைத்தார்.

"முந்திரி யாருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"புள்ளைக்கு."

"அவன் மதீனாவுக்கு வந்தா குடு. வரலைன்னா நம்மளே திங்கலாம்."

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை உம்ரா ஏஜென்ட் தமீம் அன்சாரி எங்களைக் கூப்பிட்டார். தெற்கு வீதியில் மாடியில் அவருடைய அலுவலகம். மதீனாவிலிருந்து மதாயின் ஸாலிஹுக்கு ஒரு நாள் பேருந்து உண்டு. நுழைவு டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பதால் மறுநாள் மாலை ஐந்துக்குள் பெயர் கொடுக்கச் சொன்னார்.

"எழுதிடவா மாமா?"

"நாங்க வரல. மதீனாவோட முடிச்சிடு."

"இருவத்தெட்டு பேருல நீங்க மட்டுந்தான் வரலைங்கறீங்க. ஏன் மாமா, செல்ஃபி எடுக்கக் கூச்சமா?"

"சிரிக்காத தமீம். அழுதுக்கிட்டு போற எடத்துக்குப் பொட்டணம் கட்டிக்கிட்டு போறீங்க. ஒங்க இருவத்தெட்டு பேருல யாரு அழுவப் போறா?"

"நான் அழுவேன்" என்றார் மச்சி.

வெளியாள் முன்னால் மச்சி அண்ணனை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"மலையப் பாக்க நான் போவல. புள்ளைய பாக்கப் போறேன். ஆறு வருஷம் ஆச்சு. அவன் அந்த எடத்த வுட்டு வர முடியாது."

"ஏன் வர முடியாது?"

மச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இக்காமா இல்ல. பதினஞ்சு மாசமா இல்ல."

தமீம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மாமி, இத வெளிய எங்கயும் சொல்லாதீங்க" என்றார்.

அண்ணன் எழுந்தார். "ரெண்டு பேருமா சேந்துதான் மறச்சீங்களா?" என்று என்னிடம் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

"தம்பி, எங்க பேரை அடிச்சிடாதீங்க" என்றார் மச்சி.

"மாமா சொல்லாம என்னால எழுத முடியாது மாமி. நாளைக்கி அஞ்சு மணி வரைக்கும் வச்சிருக்கேன்."

புதன்கிழமை காலை அண்ணன் கடைக்குக் கிளம்பவில்லை. ஒன்பது மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து தன் கைப்பேசியிலிருந்து அத்னானைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மச்சி அடுக்களை வாசலில் நின்றார்.

"டூட்டி எத்தன மணிக்கு?"

"அத்தா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஏழுலேந்து ஏழு வரைக்கும்."

"போலீஸு வந்தா என்னா பண்ணுவ?"

பதிலுக்குக் காத்திராமல் அண்ணனே தொடர்ந்தார்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்கதான அத்தா சொல்வீங்க, தாளு சுத்தமா இல்லாதவன் ஆளே இல்லன்னு."

அண்ணன் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். வாயில் எதுவும் இல்லை. "அம்மாவ அழச்சிக்கிட்டு வர்றேன். நான் எறங்க மாட்டேன், வண்டியிலதான் இருப்பேன். அம்மாவ பாத்துட்டு வண்டிகிட்ட வந்து நில்லு" என்றார்.

"வண்டிங்க நிக்கற எடத்துக்கு எங்கள வுட மாட்டாங்க அத்தா. ஹாலுக்குள்ளதான் நான் இருக்கணும்."

அண்ணன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மதியம் சாப்பிட வரவில்லை. மச்சி கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. மூன்று, நான்கு என்று நேரம் போனது. மச்சி தொழுத விரிப்பை மடிக்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தமீம் கூப்பிட்டார்.

"மாமி, மாமா வந்துட்டுப் போனாரு. எழுதியாச்சு."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

இப்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவும் கிடைத்துவிட்டது. வரும் இருபத்திரண்டாம் தேதி சென்னையிலிருந்து விமானம். மதாயின் ஸாலிஹ் போகும் பேருந்தில் காசிம், சலீமா பீவி என்று இரண்டு பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அத்னானின் இக்காமா இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் இறங்குவாரா என்று அண்ணன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.