பாக்கியம் அக்கா குலுக்கிய சீட்டு

பாக்கியம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். கிள்ளான் ரயில் பாதையோரம் நம் ஊர், நம் கம்பம் இருந்த காலத்தில், ஒரு வீட்டில் சாவு என்றால் அடுத்த ரயில் வருவதற்குள் எல்லா வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். இம்முறை அக்கா இறந்து அரை நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

தண்டவாளம் போட வந்தவர்களின் வாரிசுகள் நாம். ரயில்வே நிலத்தில் வீடும் கோயிலும் கட்டிக்கொண்டு, குழாய்த் தண்ணீருக்கும் திருவிழா மரியாதைக்கும் அடித்துக்கொண்டோம். எந்தத் தகராறானாலும் அக்கா பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதி, காலி மைலோ பானப்பொடி டின்னில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார். "சாமி குடுக்குறத வாங்கிக்கங்க. அப்புறம் மூஞ்சத் தூக்கக் கூடாது" என்பார். முதல் காவடி யாருடையது என்பதைக்கூட அந்த டின்தான் சொல்லும்.

இரண்டாவது ரயில் பாதை போடுவதற்காக நம்மை அங்கிருந்து கிளப்பியபோது, மாற்று வீடுகள் மூன்று இடங்களில் கிடைத்தன. யார் எங்கே போவது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள் அதிகாரிகள். எல்லோரும் பக்கத்திலிருந்த பெட்டாலிங் ஜெயாவையே கேட்டோம். பேச்சு முற்றியது. அக்கா டின்னை எடுத்துவிட்டார். ஒரே வீட்டு அண்ணன் தொலைவிலிருந்த செமினிக்கும் தம்பி கிள்ளானுக்கும் போனார்கள். அக்காவுக்கும் செமினிதான் விழுந்தது. பழக்கத்தின்படி யாரும் முகத்தைத் தூக்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு நம் கம்பத்து ஆட்கள் நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். பலரை அடையாளம் கண்டுகொள்ளவே நேரம் பிடித்தது. கிளம்பும்போது, "இனி எப்பண்ணே பாக்குறது?" என்று செல்வி கேட்டாள். "அடுத்த சாவுலதான் லா" என்றார் அவளுடைய பழைய பக்கத்து வீட்டுக்காரர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அடுக்குமாடி வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "தெரியல தம்பி. வாசல்ல செருப்பு, சப்பாத்து மட்டும் கெடக்கும்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "ஊர நான்தான் பிரிச்சுட்டேன். ஆளாளுக்கு ஒரு சீட்டு எழுதுனேன். அண்ணன் தம்பி, அக்கம் பக்கம்னு கூட்டங்கூட்டமா சேத்து ஒரே சீட்டுல எழுதியிருக்கலாம். எனக்கு ஏன்டா அது தோணல?"

எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டதே என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். எனக்கும் தோன்றவில்லை அக்கா. சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.