யாருக்கும் கொடுக்காமல் நான் விட்ட வஞ்சிரம்

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. காரைக்காலுக்குத் தெற்கே பட்டினச்சேரி கடற்கரையில் நாங்கள் நான்கு பேர் ஃபைபர் படகில் ஏறினோம். என் கணவர், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் கொழுந்தனார், படகுக்காரர், நான். மீன் பிடிக்கத்தான் போனோம். வெறுங்கையோடு திரும்பினோம். ஆனாலும் என் நாற்பத்தாறு வயதில் அதைவிட நல்ல நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போது பூவம் பக்கம் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், விழுந்தேன். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் முழங்கை இன்றுவரை முழுசாக நீளவில்லை, எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும்.

வலியைப் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் காட்டிய அன்பைத்தான் பொறுக்க முடியவில்லை. குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் நான் எதைத் தொட்டாலும் ஒரு கை நீண்டு வந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர்க் குடம், காய்கறிப் பை, கேஸ் சிலிண்டர் மட்டுமல்ல, டிவி ரிமோட்கூட. "குடும்மா, நான் பாத்துக்குறேன்." ஒரு வருடமாக இதே பல்லவி. என் கணவர் முன்பெல்லாம் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தாலே தெருவுக்குக் கேட்கும்படி கத்துகிறவர். நானும் சளைத்தவள் இல்லை, திருப்பிக் கத்துவேன். விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லை. ஒருநாள் சாம்பாரில் மறந்துபோய் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். "நல்லாத்தாம்மா இருக்கு" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது. இதற்கு மேல் என் ஸ்கூட்டியை நாத்தனார் மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று வேறு என்னைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள்.

இனி மீனுக்கு வருகிறேன். கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்த மாதங்களில் கொழுந்தனார் எனக்கு பிரான்சிலிருந்து வீடியோ அனுப்புவார். அவர் இருக்கும் ஊரில் மலைகளுக்கு நடுவே பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. பனை மரத்தைப் பத்து அடுக்கினாலும் தரை தட்டாது என்பார். விடுமுறை நாளில் சின்னப் படகை எடுத்துக்கொண்டு, டிரவுட் என்று ஒரு மீனைத் தேடி அந்த ஏரியில் சுற்றிச் சுற்றி வருவார். நின்ற இடத்தில் தூண்டில் போடுவதில்லை. படகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், தூண்டில் பின்னால் இழுபட்டு வரும். காலையிலிருந்து மாலைவரை சுற்றி ஒரு மீன், சில நாள் அதுவும் இல்லை. பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். படுத்துக் கிடக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? பார்த்தேன். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அவர் பேச்சை எங்கள் வீட்டில் வேறு யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை என்பதால், அவர் மணிக்கணக்கில் பதில் சொன்னார்.

கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிட்டால் டிரவுட் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்குப் போய்விடுமாம். அங்கே தூண்டிலைக் கொண்டுபோகத் தனி நூல் இருக்கிறது. நூலுக்குள்ளேயே மெல்லிய ஈயம் ஓடும். பத்துக் கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். நடக்கிற வேகத்தில் படகு போனால், ஒரு நிறம் விட்டால் ஓர் ஆள் ஆழம் என்று கணக்கு. வேகம் கூடினால் தூண்டில் மேலே எழும்பிவிடும். நுனியில் புழு கிடையாது. சாப்பிடும் கரண்டியின் தலையை மட்டும் வெட்டியெடுத்தது மாதிரி ஒரு பளபளத் தகடு, அதில் முள். அது தண்ணீரில் புரண்டு புரண்டு வரும்போது சின்ன மீன் என்று நினைத்துப் பெரிய மீன் பாயும். படகு திரும்பும்போது உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து கீழே இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து மேலே வரும். டிரவுட்டுக்கு நிதானம் பிடிக்கும், அதனால் உள்பக்கத்தில்தான் கடிக்கும் என்பார். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். கட்டு பிரித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் கொடுத்த மஞ்சள் பந்தை அமுக்கிக்கொண்டே அத்தனையும் கேட்டேன்.

மாசியில் அவர் ஊருக்கு வந்தபோது தன் தூண்டில் பெட்டியையும் கொண்டு வந்திருந்தார். நான் விடவில்லை. என் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பாவுக்குப் பட்டினச்சேரியில் சொந்தப் படகு. அவரிடம் கேட்டேன். எங்கள் பள்ளியில் மணி அடிப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் அவருக்கு டீச்சர்தான்.

"எங்க வூட்டுப் பொம்பளைங்கள படகுல ஏத்த மாட்டோம் டீச்சர். நீங்க விருந்தாளி, பரவால்ல" என்றார்.

"உங்க கடலு அடையாள அட்டை பாத்துதான் அலை அடிக்குமாண்ணே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை நீட்டினார். என் கணவர் அதை வாங்கி எனக்கு மாட்டிவிட வந்தார். நானே மாட்டிக்கொண்டேன். சரியாக மாட்டக் கொஞ்ச நேரம் ஆனது, ஆகட்டுமே.

கரை சின்னக் கோடாகிற வரைக்கும் போய் வேகத்தைக் குறைத்தோம். படகுக்காரர் எங்கள் தூண்டிலை வாங்கிப் பார்த்தார். தகட்டுக்கு மேலே ஒரு ஆள் நீளத்துக்கு மெல்லிய நைலான் நரம்பு கட்டியிருந்தது. அவர் முகம் சுருங்கியது.

"கம்பி எங்க? வஞ்சிரத்துக்குப் பல்லு கத்தி மாதிரி. கம்பி போடாம நரம்ப வுட்டா நிக்காது."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார் என்று புரிந்தது. ஒரு வருடத்தில் என்னிடம் விடப்பட்ட முதல் முடிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பி கட்டினால் தகடு சரியாகப் புரளாது, மீன் கண்ணுக்குக் கம்பி தெரியும், சந்தேகப்படும் என்று டிரவுட் பாடம் முழுவதையும் அவருக்கே ஒப்பித்தேன். பிறந்ததிலிருந்து கடலில் இருக்கும் மனிதருக்கு, செல்போனில் மீன் பிடிக்கக் கற்றவள் வகுப்பெடுத்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு சாண் கம்பியை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது என் கணவர், "விடுங்கண்ணே, அவ இஷ்டப்படி இருக்கட்டும், பாவம்" என்றார். அந்தப் பாவம் என்ற சொல்லில் என் பிடிவாதம் இன்னும் இறுகிவிட்டது.

ஆளுக்கொரு பக்கமாக இரண்டு தூண்டில் கோல். படகுக்காரருக்கு இடது பக்கம் திரும்பும் பழக்கம் என்று கவனித்துவிட்டு, கொழுந்தனார் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெளிப்பக்கம். ஐந்து நிறம் நூல் விட்டேன். ஐந்து ஆள் ஆழம். படகு ஊர்ந்தது. "இப்புடிப் போனா வஞ்சிரம் நம்மளப் பாத்து சிரிச்சிட்டுப் போயிரும்" என்று படகுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. என் கணவர் ஃபிளாஸ்கில் இருந்து டீ ஊற்றி, நான் கோலைப் பிடித்திருந்ததால் டம்ளரை என் வாயருகே கொண்டுவந்தார். தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த திருப்பத்தில் அடித்தது.

யாரோ படகுக்கு அடியிலிருந்து கோலைப் பிடுங்குகிற மாதிரி ஓர் இழுப்பு. கோல் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. கோலில் நூல் சுற்றியிருந்த சக்கரம் வீறிட்டுக்கொண்டு சுற்ற, நூல் போய்க்கொண்டே இருந்தது. நிதானம் பிடித்த டிரவுட் இல்லை இது. வேகமெடுத்த வெளிப்பக்கத் தூண்டிலைத்தான் அது பாய்ந்து பிடித்திருந்தது. பாடம் அங்கேயே பொய்த்துப் போனது, அதை யோசிக்க எனக்கு நேரம் இல்லை.

ஏனென்றால் ஆறு கைகள் என்னை நோக்கி வந்தன. "குடும்மா, கை போயிடும்" என்றார் கணவர். "அண்ணி, எங்கிட்ட குடுங்க, ப்ளீஸ்" என்றார் கொழுந்தனார். அவர் குரலில் அக்கறையைவிட ஆசை அதிகம் இருந்தது, அதை நான் மன்னித்துவிட்டேன். இஞ்சினை விட்டுவிட்டுப் படகுக்காரரும் எழுந்து வந்தார்.

"யாராச்சும் தொட்டீங்க, கோலத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்!"

என் குரல்தான் அது. ஒரு வருடமாக அடைத்துக் கிடந்த குரல். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். படகுக்காரர் மட்டும் மெதுவாகப் பின்னால் போய் இஞ்சினைப் பிடித்துக்கொண்டார்.

கோலின் அடியை இடுப்பில் ஊன்றி இடது கையால் பிடித்தேன். வலது கையால் சக்கரத்தைச் சுற்றினேன். ஒன்று சொல்லட்டுமா? சக்கரம் சுற்ற நீளமான கை தேவையே இல்லை. முழங்கை மடங்கித்தான் இருக்க வேண்டும். எதற்கும் உதவாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த கோணம் அந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. வலித்தது. தோள்வரைக்கும் வலித்தது. மீன் ஓடினால் விட்டேன், களைத்தால் சுற்றினேன். பச்சை நூல் உள்ளே வந்தது. மறுபடி வெளியே போனது. மறுபடி வந்தது. நீலம் வந்தது. மஞ்சள் வந்தது. என் கணவர் பக்கத்தில் நின்று "போதும்மா, போதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் போதவில்லை.

கடைசி நிறமும் சக்கரத்தில் ஏறியபோது படகுக்குக் கீழே அதைப் பார்த்தேன். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் மங்கலான கோடுகள். என் கையைவிட நீளம், நீட்ட முடிந்த கையைச் சொல்கிறேன். படகுக்காரர் கொக்கியை எடுத்துக் குனிந்தார். மீன் ஒரு முறை புரண்டு தலையை ஆட்டியது. அவ்வளவுதான். கோல் நேராக நிமிர்ந்துகொண்டது.

வெறும் நூலைச் சுற்றி எடுத்தேன். பிறகு என் கணவர், "பரவால்லம்மா. கை அசந்து போயி நூலு தளந்துருக்கும். உன்மேல தப்பு இல்ல" என்றார்.

படகுக்காரர் நூலின் நுனியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிளேடால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருந்தது. "இது பல்லு. டீச்சர் கை கடைசிவரைக்கும் நல்லாத்தான் புடிச்சிது" என்றார். கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையில் நான் குன்றிப்போனேன். "நீங்க சொன்னதக் கேக்காதது என் தப்புண்ணே" என்றேன். அதற்கும் சிரித்தார்.

கரைக்கு வந்தபோது மீன் வாங்கக் கூடைகளோடு நின்ற பெண்கள் என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். என் கணவர் பேச்சைத் தொடங்கினார். "பெரிய வஞ்சிரம். இவளுக்குக் கைல ஆபரேஷன் பண்ணிருக்கு, பாவம், அதான்..." ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். எல்லோர் பார்வையும் என் முழங்கைக்கு வந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "என் கைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அண்ணன் மூணு தரம் கம்பி கட்டுன்னாரு. நாந்தான் வேணாம்னேன். மீன் போனது என் திமிருல. கையைச் சொல்லாதீங்க."

உச்சுக்கொட்டியவளே முதலில் சிரித்தாள். "அம்மாடி, வஞ்சிரத்துக்குக் கம்பி வேணாம்னுச்சாம்ல! யாருக்கு வரும் இந்த தெகிரியம்!" கரையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் கணவர் சிரிக்கவில்லை. பைக்கில் ஏறியதும் ஆரம்பித்தார். "ஏன்டி, உனக்கு அறிவு இருக்கா? கடல்லயே பொறந்து வளந்த மனுசன் மூணு தரம் சொல்றாரு. இவ பெரிய இவ! அவ்ளோ பெரிய மீனு! குழம்பு, வறுவல்னு ரெண்டு நாளைக்கு வந்துருக்கும்..." காரைக்கால் ஊரைத் தாண்டியும் நிறுத்தவில்லை. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். நானும் சும்மா இருக்கவில்லை, என் பங்குக்குத் திருப்பிக் கொடுத்தேன். வீடு வருகிற வரைக்கும் சண்டை. பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது காற்றால் மட்டும் இல்லை.

மறுநாள் ஸ்கூட்டியை நானே எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. நாத்தனார் மகளுக்கு வேறு வண்டி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை கடலுக்குப் போய்விட்டேன், இரண்டு முறையும் கம்பி கட்டித்தான் போனேன். இதுவரை ஒரு வஞ்சிரமும் மாட்டவில்லை, நானும் விடுவதாக இல்லை.

கை போனவள் என்று ஊரே இரக்கப்படுவதைவிட, புத்தி கெட்டவள் என்று ஒருவர் வாயாரத் திட்டுவது எவ்வளவோ மேல் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போன அந்த மீன், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.