செவலைக்குப் பாதி முட்டை

கோட்டைக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லியே பாதித் தொண்டை போய்விட்டது கலைமதிக்கு. மீதி, செஞ்சியில் அவள் நடத்தும் பால்வாடிப் பிள்ளைகளுக்கு. அவளிடம் மூக்கு ஒழுகிக்கொண்டு வந்ததுகளெல்லாம் இன்று அவளுக்கே பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கின்றன.

மஞ்சுவின் மகன் வளவன்தான் அவளுக்குத் தண்ணி காட்டியவன். நாலு வயது, பேச்சு கிடையாது. குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான். ஒரு வாய் சாப்பிடமாட்டான். “எங்க புள்ளைங்கள பிராண்டுறான், நிறுத்திடுங்க” என்று மற்ற தாய்மார்கள் நச்சரித்தார்கள். அவனை நிறுத்தினால் மஞ்சு வேலைக்குப் போக முடியாது. புருஷனோ, பெங்களூர் போனவன் போனவன்தான்.

அவனை உட்காரவைத்தது செவலை. தெருநாய். ஒருநாள் அவன் வாசலில் கத்திப் புரண்டபோது பக்கத்தில் வந்து படுத்தது. கழுத்து மயிரைக் கொத்தாகப் பிடித்தான். அது முனகக்கூட இல்லை. கத்தல் அடங்கிவிட்டது. எங்கெங்கோ இதற்கென்றே நாய்களைப் பழக்குகிறார்களாம். செவலை எந்தக் காலேஜுக்குப் போனது! கலைமதி அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடவைத்து உள்ளே விட்டாள்.

முட்டை போடும் நாளொன்றில், வளவன் செவலைமேல் சாய்ந்துகொண்டு முட்டையைப் பிட்டான். மஞ்சள் கரு அதற்கு, வெள்ளை தனக்கு. தின்றேவிட்டான்! கலைமதிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் சாப்பிடுவதைத் தினமும் போனில் படமெடுத்து மேலே அனுப்ப வேண்டும். சந்தோஷத்தில் புத்தி எங்கே போனதோ, அந்தப் படத்தையே அனுப்பிவிட்டாள்.

உடனே மேலதிகாரி கூப்பிட்டார்.

“ஏம்மா, கவர்மென்ட் முட்டைய நாய்க்குப் போட்டு போட்டோ வேற அனுப்புறியா?”

“அது இருந்தாத்தான் மேடம் புள்ள உக்காருது, சாப்புடுது.”

“அப்ப நாய்க்கும் அட்டெண்டன்ஸ் போடேன்.”

மறுநாள் நாய் பிடிக்கும் வண்டி வந்தது. வலையைப் பார்த்து செவலை மிரண்டோடியது. “நீங்களே கூப்புடுங்க டீச்சர், உங்க பேச்சதான் கேக்கும்” என்றார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம். கூப்பிட்டாள். வாலாட்டிக்கொண்டு வந்தது, கடிக்கத் தெரியாத ஜென்மம்.

வளவன் மூலைமூலையாகத் தேடினான். அப்புறம் ஒரு பெண் குழந்தையின் கையைக் கடித்துவிட்டான். தாய்மார்கள் வாசலில் திரண்டு நின்றார்கள். “நாளையிலேர்ந்து அனுப்பாதம்மா” என்று மஞ்சுவிடம் சொல்ல வேண்டிய பாழும் வேலையும் கலைமதி தலையில்தான் விழுந்தது. அவள் நாக்கு அழுகாமல் இருந்ததே பெரிது.

அடுத்த வாரம் அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு மஞ்சு நின்றுகொண்டிருந்தாள், தனியாக.

“புள்ள எங்கம்மா? யாரு பாத்துக்கறாங்க?”

“யாரு இருக்குறாங்க டீச்சர்? கட்டில் கால்ல கட்டிட்டு வந்துட்டேன்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “பழம் பொடவதான். கை அறுக்காது.”