அட்டைச் சாவிக்குப் பின்னால்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிருபர்களுக்குப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் அப்போதுதான் கட்டிய பேனர். அந்தப் புதுப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் தயாரித்துக்கொண்டு போன பேச்சு பாதி மறந்துவிட்டது. வெளிச்சம், கோணம், கிட்டே போய் எடுப்பது என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். சொல்ல நினைத்ததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நான் தமிழ் நாளிதழில் சேர்ந்த காலத்தில் நிருபரேதான் படமும் எடுக்க வேண்டும். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிள்ளானில் பஸ் ஏறினால் அப்படி ஒரு மிதப்பு. படங்கள்தான் ஒத்துழைக்கவில்லை. காவடி படத்தில் முழுசாக விழுந்திருக்கும், தூக்கியவருக்குத் தலை இருக்காது. ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுப்பேன், முகம் கரிச்சட்டியாக வரும்.

நம் விழாப் படங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு, பார்த்திருப்பீர்கள். மாலை அந்தரத்தில் நிற்கும். போடுகிறவரும் வாங்குகிறவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்ப்பார்கள். ஃபிளாஷ் அடித்த பிறகுதான் மாலை கழுத்தில் விழும். அடுத்து வரிசைப் படம். இடமிருந்து வலமாக ஒரு பெயர் விட்டுப்போனாலும் மறுநாள் ஆபீஸ் போன் அலறும். அப்படி ஒரு வரிசையில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவரின் தலையில் தென்னங்கீற்று முளைத்த மாதிரி எடுத்துவிட்டேன். செய்தி ஆசிரியர் படத்தை என் மேசையில் விசிறினார்.

"பின்னாடி என்ன நிக்குதுன்னு பாக்க மாட்டியாம்மா? பாத்துட்டு அமுக்கு லா!"

அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அதுதான் வினையாகப் போனது.

ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வீடு ஒப்படைக்கும் விழா. தோட்டத்தை வாங்கிய நிறுவனம், தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு மாற்று வீடு தருவதாகச் சொல்லியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு மாதக் கடைசிக்குள் பழைய வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். சாவி என்றால் நிஜச் சாவி இல்லை, தங்கக் காகிதம் ஒட்டிய ஆள் உயர அட்டைச் சாவி. சட்டமன்ற உறுப்பினரை நாங்கள் ஒய்பி என்போம். அவர் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனைக்குப் பரமேஸ்வரி அக்காவைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து அங்கேயே வேலை பார்த்தவர். முகத்தில் சிரிப்பே இல்லை.

"புது வீடு எங்கக்கா?"

"அந்தா பேனருல வரைஞ்சிருக்கே, அதான். பின்னால போய்ப் பாரு, வெறும் லாலாங் புல்லுதான். ஒண்ணாந்தேதி சாமான ஏத்த லோரி வருதாம். புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

கேமராவைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"ரிப்போர்ட்டர், நடுவுல நில்லுங்க! பேனர் முழுசா வரணும்!" என்றார் ஏற்பாட்டாளர். நடுவில் நின்றால் நீல வானத்தின் கீழ் வரிசை வரிசையாக அழகான வீடுகள். நான் பக்கவாட்டில் நகர்ந்தேன், பேனரின் ஓரம் தாண்டும்வரை. சிரித்த முகங்கள், தங்கச் சாவி, பேனரை முட்டுக்கொடுத்த கம்புகள், அதற்கு அப்பால் இடுப்பளவு லாலாங் புல். ஒரு செங்கல்கூட இல்லை. அமுக்கினேன். அவர் "நடுவுல, நடுவுல" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிலிம் முடிந்துவிட்டது என்றேன். பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதே பொய்யைச் சொல்வேன்.

செய்தி ஆசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நேரா எடுத்தது இல்லியா?"

"இல்ல சார். பின்னாடி பாக்கச் சொன்னது நீங்கதான. பாத்துட்டுத்தான் அமுக்குனேன்."

"இத போட்டா அந்த கம்பெனி வெளம்பரம் போயிரும். ஒன் வேலையும் போகலாம்."

"போகட்டும் சார்."

 விளம்பரம் போகும் என்று தெரிந்தும் மனிதர் படத்தைப் போட்டார். இடமிருந்து வலமாக ஒரு பெயர் விடாமல் எழுதிக் கொடுத்தேன். கடைசியில், 'பின்னால் தெரிவது, ஒப்படைக்கப்பட்ட வீடுகள்' என்று சேர்த்தேன்.

விளம்பரம் போனது. என் வேலை போகவில்லை. கொஞ்ச காலம் ராசிபலன் திருத்த உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். லோரி வந்த அன்று தோட்டத்தில் ஒரு வீட்டிலும் மூட்டை கட்டவில்லை. பரமேஸ்வரி அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வீட்ட காட்டுங்க, வரோம்" என்றாராம். படத்தை ஊரே பார்த்திருந்தது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, லோரி காலியாகத் திரும்பியது. வீடு கட்டிய பிறகுதான் அவர்கள் நகர்ந்தார்கள்.

எத்தனையோ போய்விட்டன. பிலிம் போனது, இருட்டறையின் புளித்த நெடி போனது, லைன் வீடுகள் தரைமட்டமாயின, எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடமே இல்லை. சொன்னால் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள், நானும் கூடச் சேர்ந்து கொட்டுவேன். அந்த லாலாங் காடும் இப்போது இல்லை. அங்கே வீடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டு முன்னால் பரமேஸ்வரி அக்காவின் துணிகள் காய்கின்றன. அந்தப் புல் ஒழிந்ததற்கு மட்டும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.