பல் டாக்டருக்கு ரிவர்ஸ் வராது

டிரைவிங் மாஸ்டருக்கு அறுபதை எட்டிப் பார்க்கிற வயசு. கற்றுக்கொடுக்கிற காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், பஸ்ஸில் போனாலும் தரையை மிதித்துக்கொண்டே வருவார். "அதான் டிரைவர் இருக்காரேடா, நீ சும்மா வாயேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

காதல் விஷயத்திலும் மனுஷர் அப்படித்தான். தனக்கு ஆண்கள் மேல்தான் மனசு போகும் என்று மீசை முளைத்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். காலேஜில் கூடப் படித்தவன் ஒருத்தன் சினிமா தியேட்டரில் மெதுவாக இவர் கையைப் பிடித்தான். நம்ம வீரர் என்ன செய்தார்? பாப்கார்ன் வாங்கி வருகிறேன் என்று எழுந்தவர், நேரே வீட்டுக்கு வந்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அவன் அப்புறம் பேசவே இல்லை.

அதுக்காக வாழ்க்கை ஒன்றும் அழுது வடியவில்லை. சொந்தமாக ஒரு கார், மாடியில் காற்றோட்டமான ரூம், கீழே அக்கா குடும்பம். அக்காவிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னபோது, "இதைச் சொல்லவா இத்தனை வருஷம் திருதிருன்னு முழிச்சே?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடித்தாள். நிம்மதியான மனுஷர்தான். ஒரே ஒரு குறுகுறுப்பு மட்டும் உண்டு. தன் மேல் எவனாவது நிஜமாகவே ஆசைப்பட்டிருப்பானா? தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ?

போன வாரம் நரைத்த தலையோடு ஒருத்தர் வந்து நின்றார். "என்னைத் தெரியுதா மாஸ்டர்?"

தெரியாமலா! பல் டாக்டருக்குப் படிக்கும்போது இவரிடம் வண்டி கற்க வந்த மண்டு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அதைப் பார்த்துவிடக் கூடாது என்று மாஸ்டர் அந்தக் காலத்தில் ரோட்டையே முறைத்துக்கொண்டிருப்பார். முன்பக்கமாக என்றால் அம்சமாக ஓட்டுவான். ரிவர்ஸ் என்றால் மட்டும் நடைபாதையில் ஏற்றிவிடுவான். டெஸ்ட்டில் திரும்பத் திரும்ப ஃபெயில். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லீவு நாளிலும் காலி மைதானத்தில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி, தொண்டை கிழியக் கத்தி, ஒருவழியாகப் பாஸ் பண்ண வைத்தார். பையன் கைகுலுக்கிவிட்டு வெளிநாடு போனவன்தான்.

இப்போது ஒண்டிக்கட்டையாகத் திரும்பியிருக்கிறார். பழைய லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும்.

"சரி டாக்டர், அந்த ரெண்டு காருக்கு நடுவுல விடுங்க பார்ப்போம்" என்று மாஸ்டர் காலைப் பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டார். டாக்டர் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். ஒரே வீச்சில் வண்டி பின்னால் போய் அச்சாக நின்றது.

"அடேங்கப்பா! எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே தெரியும். எங்க மாமாவோட வேன்ல கத்துக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்குய்யா அத்தனை தடவை ஃபெயில் ஆனீங்க?"

"பாஸாயிட்டா உங்க பக்கத்துல உட்கார முடியாதே." டாக்டர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீங்க பெயிண்ட் டப்பா எல்லாம் தூக்கிட்டு வந்து அந்தப் பாடு பட்டீங்க. சரி, இவருக்கு நான் தொலைஞ்சாப் போதும்போலன்னு நினைச்சேன். பாஸாயிட்டேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக் கடவுளே, மண்டு யாருன்னு இப்பல்ல தெரியுது! கை நிறையக் கிடைத்ததைத் தானே கத்திக் கத்தித் துரத்தியிருக்கிறார். போகட்டும், ஆசைப்பட்டிருக்கிறான். அது போதும் என்று மனசு குளிர்ந்துவிட்டது.

"அப்ப டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கிடலாமா மாஸ்டர்? இனிமே கிளாஸ் வேண்டாம்தானே?"

நின்ற வண்டியில் மாஸ்டரின் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தார். திரும்பி, அந்தக் கன்னத்தை முதல்தடவையாக நிதானமாகப் பார்த்தார்.

"யாரு சொன்னா? ரிவர்ஸ் படுமோசம். நாளைக்கும் வரணும்."