எங்குட்டு நிக்கிறாக?

கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் இஷ்ரத் முதல் வேலையாகத் தலைகளை வெட்டுகிறார். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை. காதுகுத்துக்குத் தாய்மாமன் தலை, புதுமனை புகுவிழாவுக்குச் சம்பந்தி தலை, மீதியெல்லாம் கட்சிக்காரர்களின் தலை. கல்யாண ஆல்பத்திலிருந்து ஒருவர் எடுத்து அனுப்பியிருப்பார், குற்றாலத்தில் குளித்த படத்திலிருந்து இன்னொருவர். கழுத்தோடு நறுக்கி, ஈரத்தைத் துடைத்து, வழுக்கை விழுந்த இடத்தில் கொஞ்சம் முடி நட்டு, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் அவர் டீ குடிப்பார். பேனர் அடிக்க வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை தலை?" என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் ஒரு அடி பின்வாங்குவார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்காகப் போன நானும் பின்வாங்கினேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது கடை. இஷ்ரத்துக்கு நாற்பத்தொரு வயது. ஊரில் முக்கியப் பிரமுகர்கள் யாருக்கு எத்தனை தாடை என்பது அவருக்கு அத்துப்படி. அதில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்தவரே அவர்தான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "அண்ணே, நீங்க படத்துலதான் நல்லா இருக்கீக" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த பேனரிலும் தாடை குறைய வேண்டுமே.

அவருடைய கம்ப்யூட்டர் திரையில் நான்கு ஃபோல்டர்கள் இருக்கின்றன. தாத்தா, மகன், பேரன், கொள்ளு. சொந்தக்காரர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். தாத்தா என்பது தண்டாயுதபாணி. கட்சியைத் தொடங்கியவர், டெல்லியில் மந்திரிசபைகளை ஏற்றி இறக்கியவர். மகன் முத்துராமன், ஏற்றவும் இறக்கவும் தெரியாமல் பதினைந்து வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்தவர். பேரன் சிவபிரகாஷ் போன மாதம்தான் தொண்டர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி அரசியலுக்கு வந்தார். வற்புறுத்திய முதல் தொண்டர் அவருடைய அப்பா. கொள்ளுவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆனால் 'நாளைய இந்தியாவே' என்று இருபதுக்குப் பத்தில் ஒரு பேனர் அடித்தாயிற்று. பெட்ரோல் விலையிலிருந்து பள்ளிக்கூடப் புத்தகம் வரை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முடிவாகிறது என்று கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் அதையேதான் சொல்வார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இஷ்ரத்துக்கு இந்தப் பிரமிப்பெல்லாம் கிடையாது. "தலைதான் அவுகளது. உடம்பு எங்க அத்தாது" என்றார்.

அவர் அப்பா அசன் முகம்மது இதே இடத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். இருபது வருடத்துக்கு முன்னால், ஃப்ளெக்ஸ் ஊருக்குள் வந்த புதிதில், தண்டாயுதபாணி பிரசாரத்துக்கு வருகிறார், ஆளுயரப் படம் வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களிடம் இருந்ததோ உறுப்பினர் அட்டையில் ஒட்டுகிற தலை மட்டும். அசன் முகம்மது யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். பக்கத்து லாண்டரியில் யாருடையதோ வெள்ளை வேட்டி சட்டையை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு, கேமராவில் டைமர் வைத்துவிட்டு, ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டார். அந்த உடம்பின் மேல் தண்டாயுதபாணியின் தலை ஏறியது. எண்பது வயதுத் தலைவருக்கு நாற்பத்தெட்டு வயது மார்பு கிடைத்தது. இந்த வயதிலும் தலைவர் எப்படி நிற்கிறார் பார் என்று தொண்டர்கள் உருகினார்கள்.

பெரியவர் காலமானதும் அதே கழுத்தில் மகன் தலை ஏறியது. அசன் முகம்மது அந்தப் படத்தைக் கேட்ட கடைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அது மதுரைக்குப் போனது, திருச்சிக்குப் போனது, ஒரு தடவை டெல்லியில் ஏதோ ஊர்வலத்திலும் தென்பட்டது. இரண்டு தலைமுறையாக மாறாத பணிவு என்று ஒரு பத்திரிகை கட்டுரையே எழுதிவிட்டது.

இதில் ஒரு சங்கதி உண்டு. அசன் முகம்மதுவின் வலதுகைச் சுண்டுவிரல் அந்தப் படத்துக்கு முன்பே கடை ஷட்டரில் மாட்டி ஒடிந்து, கோணலாகக் கூடியது. கும்பிடும்போது மற்ற விரல்களோடு சேராமல் தனியாக வளைந்து நிற்கும். தொண்டர்கள் அதைத் தலைவரின் பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். வட்டம், கிளை, வார்டு என்று ஒரு பொறுப்பு விடாமல் எல்லோரும் சுண்டுவிரலை வளைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். உச்சகட்டமாக, காரைக்குடி மேடையில் ஏறிய முத்துராமனே, வழியெல்லாம் தன் பேனர்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர், விரலை வளைத்துக் கும்பிட்டார். கூட்டத்தில் நின்ற அசன் முகம்மது சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டாராம். நாட்டை ஆள்கிற குடும்பம் நம்மை ஆட்டிவைப்பதுதான் வழக்கம். ஒரு ஸ்டூடியோக்காரர் அந்தக் குடும்பத்தின் விரலை ஆட்டிவைத்ததை நினைத்தால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் அசன் முகம்மது இறந்துபோனார். ஊரையே படமெடுத்தவருக்குத் தலையில்லாத அந்த உடம்பைத் தவிர வேறு படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதைப் பார்த்து, இது நான் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தவிர, இஷ்ரத்தின் அம்மா பாத்திமுத்து, தொழுகிற வீட்டில் படம் மாட்ட விடமாட்டார். ஆனால் தண்டாயுதபாணி குடும்பத்தில் யாராவது பிரசாரத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மானகிரியிலிருந்து மகளுக்கு போன் போடுவார்.

"எங்குட்டு நிக்கிறாக?"

எந்தத் தொகுதி என்று கேட்கவில்லை. புருஷன் எந்த முக்கில் நிற்கிறார் என்று கேட்கிறார். இஷ்ரத் இடத்தைச் சொன்னதும் டவுன் பஸ் ஏறி வந்து, பேனருக்கு எதிர்ப்பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். தலையைப் பார்ப்பதே இல்லை. கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். கட்சிக்காரர் ஒருவர் அவருடைய விசுவாசத்தில் நெகிழ்ந்து மகளிர் அணியில் சேர்த்து அட்டையே கொடுத்துவிட்டார். அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார் பாத்திமுத்து.

இதையெல்லாம் இஷ்ரத் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மாயக்கண்ணன் உள்ளே வந்தார். கட்சியின் நகரப் பொறுப்பாளர். கையில் பென்டிரைவ். சிவபிரகாஷ் வெள்ளிக்கிழமை வருகிறாராம். பழைய வேட்டி உடம்பு இனி எந்தப் பேனரிலும் வரக்கூடாது, தலைமை அனுப்பியிருக்கிற புதுப் படம்தான் என்று உத்தரவாம். படம் திறந்தது. ஜீன்ஸ், முழங்கை வரை மடித்த நீலச் சட்டை, ஒரு கை பாக்கெட்டில், மறு கை மேலே தூக்கியபடி.

இஷ்ரத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது எனக்கு. அந்த நேரம் பார்த்து மேசையிலிருந்த போன் அடித்தது. அம்மா. செய்தி மானகிரிக்கு அதற்குள் போயிருக்கிறது. "பாத்துச் சொல்றேம்மா" என்று இஷ்ரத் வைத்துவிட்டார். திரையில் அந்தத் தூக்கிய கையைப் பெரிதாக்கிவிட்டு, மாயக்கண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இவுக ஓட்டுக் கேக்க வாராகளா, டாட்டா காட்ட வாராகளா?"

மாயக்கண்ணன் படத்தை மறுபடி பார்த்தார். அதற்கப்புறம் அவர் கண்ணுக்கும் அது டாட்டாவாகத்தான் தெரிந்தது. முதல் தடவை வருகிறபோதே போய்வருகிறேன் என்று கை காட்டுகிற வேட்பாளரை நட்ட நடு முக்கில் நிறுத்தினால் ஊர் என்ன பேசும். வாசலுக்குப் போய் சென்னைக்குப் போன் போட்டார். கால் மணி நேரம் நடந்துகொண்டே பேசினார். திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. ஜீன்ஸ் இருக்கட்டும், சட்டையும் இருக்கட்டும், கை மட்டும் கும்பிடட்டும் என்று அனுமதி வாங்கியிருந்தார்.

இஷ்ரத் தாத்தா ஃபோல்டரைத் திறந்து, அந்த இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு எடுத்தார். அவசரமே படவில்லை. காலையில் தலைகளைச் சரக் சரக்கென்று நறுக்கியவர், இந்தக் கைகளை ஒவ்வொரு விரலாகச் சுற்றி வந்து எடுத்தார். நீலச் சட்டைக்கு முன்னால் கொண்டுவந்து பொருத்தி, பேரனின் நிறத்துக்குக் கொஞ்சம் வெளுக்க வைத்தார். சுண்டுவிரல் பக்கம் போனபோது மாயக்கண்ணன் பதறிப்போய்க் குனிந்தார்.

"தங்கச்சி, அந்த விரலை மட்டும் நிமித்திப்புடாத. அது அந்தக் குடும்பத்து விரல்."

"ஆமாண்ணே, குடும்பத்து விரல்தான்" என்றார் இஷ்ரத்.

புது ஆண்டவரின் விரலைக் காப்பாற்றிய திருப்தியில் மாயக்கண்ணன் தன் சுண்டுவிரலையும் வளைத்து எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் இஷ்ரத் அம்மாவைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு முக்கில் நிற்கிறார் என்றும், இந்தத் தடவை கை மட்டும்தான் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் அம்மாவின் பதில் எனக்கும் கேட்டது.

"கை தெரிஞ்சாப் போதும்த்தா. மத்ததெல்லாம் நான் பாத்ததுதானே."

இஷ்ரத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மெஷினிலிருந்து சிவபிரகாஷ் தலையில் தொடங்கி அடி அடியாக இறங்கி வந்து தரையில் படுத்தார். மை காய்ந்ததும் மடித்துக் கட்ட வேண்டும். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். நான் என் வசதிக்கு நடுவில் மடிக்கப் போனேன். "அங்குட்டு வேணாம், கையில கோடு விழுந்துரும்" என்று தடுத்து, மடிப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், வருங்காலத் தலைவரின் மூக்குக்கு நேராக வைத்து, முழங்காலால் ஒரு அழுத்து அழுத்தினார்.