சுவரைப் பார்த்து நின்ற ரசிகர்

கலீலுல்லா பதினாறு வருடமாக டென்னிஸ் ரசிகர். இந்தப் பதினாறு வருடத்தில் அவருடைய ஆட்டக்காரர் நான்கு முறை விம்பிள்டன் கோப்பையைத் தூக்கியிருக்கிறார். அந்த நான்கு முறையும் வெற்றிப் பந்து விழுந்த நேரத்தில் கலீலுல்லா தெருவில் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்தால் ஆள் தோற்றுவிடுவார். அதனால் பார்க்க மாட்டார். இப்படி ஒரு ரசிகன் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று அவரே சில சமயம் யோசித்திருக்கிறார். யோசித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று விட்டுவிடுவார்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு கார்கானா இருக்கிறது. கீழே தோல் பை தைக்கும் வேலை, மேலே வீடு. கடையநல்லூரிலிருந்து பதினேழு வயதில் வந்தவர், இப்போது ஐம்பத்தாறு. ஏணிப்படி ஏறி வீட்டுக்குப் போவதற்குள் மூச்சு இரைக்கும். டென்னிஸ் ராக்கெட்டை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கையில் பிடித்திருக்கிறார், அதுவும் உறை தைக்க அளவெடுப்பதற்காக. அந்த உறையைக் கொடுக்க மாட்டுங்காவில் ஒரு கிளப்புக்குப் போனபோது, வேலிக்கு வெளியே நின்று ஆசையாக எட்டிப் பார்த்தார். உள்ளே புல்லே இல்லை, செம்மண் தரை. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் கோபம் வந்து, பஸ் ஏறித் திரும்பிவிட்டார்.

டென்னிஸ் அவரைப் பிடித்ததற்கு மழைதான் காரணம். ஜூலை மாதத்தில் தோலை ஒட்டுகிற சொல்யூஷன் காயாது. அடுக்கிவைத்த தோலில் பூஞ்சை பூக்கும். வேலை பாதி நாள் தூங்கும். அப்படித் தூங்கிய ஒரு நாளில் டிவியில் சானல் மாற்றிக்கொண்டே வந்தவர் ஒரு பச்சை மைதானத்தில் நின்றுவிட்டார். வெள்ளை உடுப்புப் போட்ட ஓர் இளைஞன் பந்துக்காகப் பாய்ந்து விழுந்து, சட்டையெல்லாம் பச்சைக் கறையோடு எழுந்து, அடுத்த பந்துக்கு ஓடினான். ‘இவன் நம்ம ஆளு’ என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். பெயர் ஏதோ ஐரோப்பியப் பெயர், வாய்க்குள் அடங்கவில்லை. மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஆளு’ என்பதையே நிரந்தரப் பெயராக வைத்துவிட்டார்.

சேசுராஜ் வந்து சேர்ந்ததும் அடுத்த ஜூலையில்தான். குர்லா ரயில் கார்ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர், சொந்த ஊர் உவரி, சயான் பாலம் தாண்டிச் சுனாபட்டியில் வீடு. கருவிப் பையின் ஜிப்பு அறுந்துபோய்த் தைக்க வந்தார். ஜிப்பு பத்து நிமிடத்தில் தைத்தாயிற்று. டிவியில் ஆட்டம் முடியும்வரை சேசுராஜ் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஜூலையிலும் விம்பிள்டனின் கடைசி வாரத்து ஆட்டங்களுக்கு அவர் வராமல் இருந்ததில்லை. ஒரே குறை, அவருக்குப் பிடித்தது எப்போதும் நம்ம ஆளின் எதிராளி. கலீலுல்லா அதைப் பெரிய மனதோடு மன்னித்திருந்தார்.

பார்க்காமல் இருக்கும் வழக்கம் நம்ம ஆளின் முதல் இறுதி ஆட்டத்தில் தொடங்கியது. ஆள் தோற்றுக்கொண்டிருந்தார். இஷா தொழுகைக்குக் கலீலுல்லா இறங்கிப் போனார். தொழுதுவிட்டு, மனசு கேட்காமல் ரோட்டிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினால், ஆள் கோப்பையோடு நிற்கிறார். மறு வருடம் உட்கார்ந்து பார்த்தார், ஆள் தோற்றார். அத்தோடு விஷயம் உறுதியாகிவிட்டது. சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று அவருக்குத் தெரியும். இது சகுனம் இல்லை, அனுபவம் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். வெளியே நின்றும் ஆள் தோற்ற வருடங்கள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் காரணம் வைத்திருந்தார். ஒரு வருடம் சலூன் கண்ணாடியில் டிவி தெரிந்துவிட்டது. இன்னொரு வருடம் பழக்கடைக்காரரின் மொபைலில் கண் பட்டுவிட்டது.

வெளியே நிற்கிறவருக்கு நிலவரம் தெரிய வேண்டுமே. அதற்காக இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். உள்ளே இருக்கும் சேசுராஜ் ஒவ்வொரு செட் முடிந்ததும் மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு மிஸ்டு கால் என்றால் நம்ம ஆளு செட்டை எடுத்தார். உடனே இரண்டாவதும் வந்தால் போச்சு. போனை எடுக்கவே கூடாது. முதல் மணி அடித்து நின்ற பிறகு, இரண்டாவது வருமா வராதா என்று காத்திருக்கும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதில்தான் கலீலுல்லாவின் டென்னிஸ் முழுவதும் இருந்தது.

இதெல்லாம் போன வருடம் உடைந்தது.

போன வருட இறுதி ஆட்டத்தில் நம்ம ஆளுக்கு வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. சேசுராஜ் எழுந்து ஜன்னலுக்கு ஓடி வந்து கத்தினார்.

“ஓய் கலீலு! மேல வாரும்வே! முடிஞ்சிட்டு! இந்த ஒரு தடவயாவது கண்ணால பாரும்!”

கலீலுல்லா ஏணிப்படியில் விழுந்தடித்து ஏறினார். பார்த்தார். அந்தப் புள்ளி போயிற்று. அடுத்ததும் போயிற்று. இருபது நிமிடத்தில் கோப்பையே போயிற்று.

அப்போது அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

“வேணும்னேதானவே கூப்பிட்டீரு? நீரு அந்தப் பக்கத்து ஆளுதான!”

சேசுராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

பெருநாள் வந்தது, சுனாபட்டிக்குப் பிரியாணி போகவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, தாராவிக்குக் கேக் வரவில்லை. கலீலுல்லா போனிலிருந்து சேசுராஜின் பெயரை அழித்துவிட்டார். எண் மனப்பாடம், அதை அழிக்க வழி தெரியவில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் மட்டும் வாரம் ஒரு முறை போனில் பேசிக்கொண்டார்கள். லண்டனில் உருண்ட பந்துக்காகச் சண்டை போட அவர்களுக்கு நேரம் இல்லை.

இந்த வருடம் நம்ம ஆளு இதுதான் தன் கடைசி விம்பிள்டன் என்று அறிவித்துவிட்டு ஆட வந்தார். அரையிறுதிவரை வந்தும்விட்டார். மிஸ்டு கால் கொடுக்க ஆள் இல்லை. மகள் சஃப்ரீனைப் பிடித்து உட்கார வைத்தார். வங்கியில் வேலை பார்க்கிற பெண்.

“க்யா வாப்பா, மிஸ்டு கால்லாம் இப்ப யாரு குடுக்கா? நேரா மேல வந்து பாக்க வேண்டியதுதான?”

“பாக்கக் கூடாதும்மா.”

“பின்ன எதுக்கு ரசிகர்?”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை அரையிறுதியில் சஃப்ரீன் உற்சாகம் வந்தபோதெல்லாம் மிஸ்டு கால் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் பதினேழு. கலீலுல்லா விரல் விட்டு எண்ணி, நம்ம ஆளு ஏழெட்டு செட் தோற்றுவிட்டதாகவும், டென்னிஸில் அத்தனை செட்டே கிடையாது என்பதாகவும் குழம்பி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் ஜெயித்திருந்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி நூர் நிஷா பேச்சை ஆரம்பித்தாள்.

“ஞாயித்துக்கிழமைக்குச் சேசண்ணனக் கூப்பிடுங்க.”

“அவரு வரமாட்டாரு.”

“கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டா வந்துருவாரு. அப்புறம் மூஞ்சிய எப்படிப் பாக்க?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. நூர் நிஷா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆட்டம் தொடங்கும் முன்பே குடையோடு இறங்கிவிட்டார். இந்த முறை செட் முடிந்தால் மட்டும் என்று சஃப்ரீனிடம் எழுதியே கொடுத்திருந்தார். முதல் செட்டுக்கு அவளுடைய எண்ணிலிருந்து ஒரு மணி, செட்டை நம்ம ஆளு எடுத்தார். இரண்டாவது செட்டுக்கு இரண்டு மணி. போச்சு. மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, டிவி இருக்கும் திசைக்கெல்லாம் முதுகைக் காட்டினார்.

மூன்றாவது செட்டுக்கு போன் ஒரு முறை அடித்து நின்றது. திரையைப் பார்த்தார். பெயர் இல்லை, வெறும் எண். மனப்பாடமான எண்.

இரண்டாவது மணி வரவில்லை. நம்ம ஆளு செட்டை எடுத்துவிட்டார். ஆனால் அந்தச் சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. முதலில் அந்த எண்ணை இன்னொரு முறை படித்தார். ஒரு வருடம் ஏச்சைச் சுமந்த மனுஷன், அவ்வளவுக்கும் பிறகு சுனாபட்டியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்கிறார். தான் என்ன செய்கிறோம்? கடைத் தாழ்வாரத்தில் நின்று நனைகிறோம்.

எப்படியும் நடக்கத்தான் வேண்டும், சுனாபட்டிப் பக்கம் நடந்தால் என்ன என்று தோன்றியது. நடந்தார். சயான் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது அதே எண்ணிலிருந்து இரண்டு மணி அடித்தது. நான்காவது செட் போயிற்று. இருவருக்கும் இரண்டிரண்டு செட். இனி ஒரே செட். கலீலுல்லா நடையை விரைவாக்கினார். அவசரம் டென்னிஸுக்கா, சேசுராஜுக்கா என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். ‘ஓய் சேசு, நான் சொன்னது தப்புவே.’ ஐந்தே வார்த்தை. இதற்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

கதவைத் திறந்தது சேசுராஜின் மனைவி சேசம்மாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கலீலுல்லா சட்டென்று திரும்பி, வாசலுக்கு எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார்.

“அண்ணாச்சி! என்ன இப்படி நனைஞ்சி வந்திருக்கீய? உள்ள வாங்க.”

“இல்ல தங்கச்சி, இங்கனயே நிக்கேன். டிவி ஓடுது. சேசுவக் கொஞ்சம் வரச் சொல்லு.”

“அவிய உங்க வீட்டுக்குல்லா போயிருக்காவ!”

“எங்க வீட்டுக்கா?”

“மூணாவது செட்டுல போயி உங்க சந்துல நின்னிருக்காவ. உங்க மவ பாத்துட்டு மேல கூட்டிட்டுப் போயிட்டாளாம். நூர் மைனி போன் பண்ணிச் சொன்னாவ. பழைய இடத்துலதான் உக்காந்திருக்காவளாம்.”

தான் இங்கே நனைந்து வந்தால் அந்த மனுஷன் அங்கே நனைந்து போயிருக்கிறார். உட்காரச் சொன்னாலும் கலீலுல்லா உட்காரவில்லை. சேசம்மாள் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு சுவரையே பார்த்தார். டிவியின் சத்தத்தைச் சேசம்மாள் அவளாகவே குறைத்துவிட்டாள். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் கடந்து போகையில் அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

போன் ஒரு முறை அடித்தது. நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாவது மணி இல்லை. ஜெயித்துவிட்டார்! கடைசி வருடம், கடைசி ஆட்டம், நம்ம ஆளு ஜெயித்துவிட்டார்! துண்டைத் தலைக்கு மேல் தூக்கினார். அழுகையே வந்துவிட்டது.

அப்போது இரண்டாவது மணி அடித்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது. இத்தனை வருட ஏற்பாட்டில் முதல் முறையாக, அவர் போனை எடுத்தார்.

“ஏன்வே எடுத்தீரு?” சேசுராஜின் குரல் கம்மியிருந்தது. “எடுக்கக் கூடாதுல்லா.”

“ரெண்டாவது ஏன்வே இவ்வளவு லேட்டு?”

“அடிக்க மனசு வரல கலீலு. ஒரு நிமிஷம் ஜெயிச்சதாவே இருக்கட்டும்னு நெனச்சேன்.”

கலீலுல்லா வழக்கம்போல் காரணம் தேடினார். சலூன் இல்லை, கண்ணாடி இல்லை. டிவி பின்னால்தான் ஓடியது, ஆனால் அவர் சத்தியமாகத் திரும்பவில்லை. எதிரே இருந்தது சுவர் மட்டும்தான். லண்டனில் ஒருவர் ஆடினார், தோற்றார். இதில் தாராவிக்காரருக்கு எந்தப் பங்கும் இல்லை. இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

“சேசு, நான் பாக்கலவே. ஒரு பந்துகூட பாக்கல.”

“தெரியும்.”

“பாக்காமலே தோத்துட்டான்.”

“ஆமா.”

“அப்ப போன வருஷம் தோத்ததுக்கும் நீரு கூப்பிட்டது காரணமில்ல. நான் பாத்ததும் காரணமில்ல. சும்மா உம்ம ஏசிட்டேன். மன்னிச்சிரும்வே.”

அந்தப் பக்கம் சேசுராஜ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சரி சரி, எந்தத் தெருவுல நிக்கீரு? மேல வாரும், மைனி சோறு எடுத்து வைக்காவ.”

“நான் உம்ம வீட்டு வாசல்ல நிக்கேன்.”

“எங்க வீட்லயா? அங்க என்னவே பண்ணுதீரு?”

“அரை மணி நேரமா உம்ம வாசச் சுவத்தப் பாத்துட்டு நிக்கேன். காரை பேந்து கெடக்கு ஓய். நல்லா பூசி வையும்.”